நம்பியார் கையைப் பிசைந்தது குளிருக்கா?

2024 நவம்பர் 19, இரவு 9.40

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நம்பியார் நல்லா நடிக்கக்கூடிய ஆளுதானே, அவர ஏன் ஆயுசு முழுக்க வில்லனாவே வச்சிருந்தாங்க? ஆரம்பத்துலயே ஒரு படத்துல மாட்டிக்கிட்டாரா?"

மாட்டிக்கொண்டார் என்றுதான் சொல்வேன். படம் மந்திரிகுமாரி, வருஷம் 1950. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, கருணாநிதி வசனம். அரசனையே ஆட்டிவைக்கிற ராஜகுரு வேஷம் நம்பியாருக்கு. கட்டிய மனைவியை மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிடப் பார்ப்பாரே, "வாராய் நீ வாராய்" என்று குழைந்து குழைந்து பாடிக்கொண்டு. அதைப் பார்த்த பிறகு அந்த முகத்தை நல்லவன் முகமாக யார் ஏற்றுக்கொள்வார்கள்?

இன்றைக்கு அவர் இறந்த நாள். 2008, இதே நவம்பர் 19. கார்த்திகை பிறந்து மாலை போட்ட ஆட்கள் எல்லாம் சரணம் சொல்லத் தொடங்கியிருந்த வாரம் அது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், எழுத நிறைய இருக்கிறது.

அதே இரவு 11.15

மேலே எழுதியதில் பெரிய பிழை. மலையுச்சியில் நிற்பது ராஜகுரு இல்லை, ராஜகுருவின் மகன் பார்த்திபன். நடித்தவர் எஸ். ஏ. நடராஜன். அம்பேவளை அண்ணன் ஒருவர் திருத்தினார், அவர் சொன்னது சரி. பாட்டை இப்போது போட்டுப் பார்த்தேன். மாதுரி தேவியோடு நடந்துபோவது நடராஜன்தான்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக என் தலைக்குள் அந்த மலையில் நம்பியார் நின்றுகொண்டிருந்தார். வேறொருத்தர் செய்த கொலை முயற்சியைத் தூக்கி அவர் கணக்கில் எழுதியிருக்கிறேன். தம்பி கேட்ட கேள்விக்கு இதுவே பாதிப் பதில் என்று தோன்றுகிறது.

2024 நவம்பர் 20, காலை 6.20

மழை விடவில்லை, கரண்டும் இப்போதுதான் வந்தது.

படுக்கையில் யோசித்தேன். "முதல் வேஷத்தில் மாட்டிக்கொண்டார்" என்று சொன்னதே தப்பு. நம்பியாரின் முதல் படம் பக்த ராமதாஸ், 1935. அதில் அவருக்குச் சிரிப்பு வேஷம். 1947-ல் வந்த ராஜகுமாரி எம்.ஜி.ஆர். கதாநாயகனான முதல் படம், அதிலும் நம்பியார் சிரிக்கவைக்கிற ஆள்தான். 1950-ல் மந்திரிகுமாரி வந்த அதே வருஷம் அதே மாடர்ன் தியேட்டர்ஸ் திகம்பர சாமியார் என்று ஒரு படம் எடுத்தது. வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவல். அதில் நம்பியார்தான் நாயகன். வேஷத்துக்கு மேல் வேஷம் மாற்றிக் குற்றவாளியைத் துரத்துகிற ஆள்.

ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ஒரு படத்தில் குற்றம் பிடிக்கிறவர், இன்னொன்றில் குற்றம் செய்கிறவர். சனம் இரண்டையும் பார்த்தது, ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் சர்வாதிகாரி வந்தது, எதிரில் எம்.ஜி.ஆர்., படத்தின் தலைப்பே நம்பியாரின் பாத்திரம். அதோடு கதவு சாத்திவிட்டது.

ஆகவே தம்பி, ராஜகுரு மட்டும் காரணம் இல்லை. ராஜகுருவுக்கு மேல் சர்வாதிகாரி ஆணி அடித்தது. ஆணி அடித்த இடத்தில் யார் நின்றார் என்று பாருங்கள். எதிரில் எம்.ஜி.ஆர். நிற்காமல் இருந்திருந்தால் கதை வேறாகப் போயிருக்கும்.

நவம்பர் 20, மத்தியானம்

எம்.ஜி.ஆர். என்றதும் நம் இலங்கை மலையகத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆமாம், நாவலப்பிட்டியில் பிறந்தவர், 1917. "நம்ம ஊரு புள்ள." இந்த மலையில் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும், நான் நம்பியாரோடே இருக்கிறேன்.

நம் ஆட்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: நம்பியாரும் மலையில் வளர்ந்த பிள்ளை. பிறந்தது கண்ணூர்ப் பக்கம், 1919. அப்பா சின்ன வயதிலேயே இறந்துபோக, ஊட்டியில் அக்கா வீட்டில் வளர்ந்து, அங்கேதான் பள்ளிக்கூடம் போனார். பதின்மூன்று வயதில் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியோடு கிளம்பிவிட்டார். அப்பா இல்லாத பையன்கள் நாடகக் கம்பெனியில் சோற்றுக்கும் தொழிலுக்கும் சேர்ந்த காலம். எம்.ஜி.ஆருக்கும் அதே கதைதான். அப்பா போன பிறகு நாவலப்பிட்டியை விட்டுக் கும்பகோணம், பிறகு நாடகக் கம்பெனி. தேயிலை மலையிலிருந்து இறங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருவரைக் கும்பிட்டோம், ஒருவரைக் கரித்துக்கொட்டினோம்.

நவம்பர் 21, இரவு

நம்பியாரை ஏன் அப்படி வெறுத்தோம் என்று கேட்டால் நான் என் தோட்டத்தைத்தான் சொல்ல முடியும். நோர்வூட்டுக்கு மேலே, பெயர் வேண்டாம்.

பிள்ளைக்காம்பராவுக்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடத்துக்கு, முன்னால் வெள்ளை வேட்டி கட்டிப் படம் காட்டுவார்கள். எங்க வீட்டுப் பிள்ளை நான் முதலில் பார்த்தது அப்படித்தான், ரீல் அறுந்து அறுந்து. படம் வந்தது 1965 பொங்கலுக்கு. எங்கள் வேட்டிக்கு அது வந்து சேர எவ்வளவோ வருஷம். கஜேந்திரனாக நம்பியார் சாட்டையை எடுப்பார். பயந்தாங்கொள்ளி ராமு அடி வாங்குவான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள், சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, வேட்டியில் மண் பட்டு நம்பியார் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன். பிறகு இளங்கோ வந்து அதே சாட்டையைப் பிடுங்கி "நான் ஆணையிட்டால்" பாடும்போது எங்கள் அப்பாயி எழுந்து நின்றுவிட்டாள். அப்பாயி சாமிக்குக்கூட அப்படி எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

கங்காணியின் கம்பை முதுகில் வாங்கியவர்களின் பிள்ளை அவள். 74 பஞ்சத்தில் ஒரு பேரப்பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள். அவளுக்குச் சாட்டை சினிமாச் சாமான் இல்லை.

1967 சனவரியில் எம்.ஜி.ஆரைச் சுட்ட செய்தி ரேடியோவில் வந்தபோது, சுட்டது எம். ஆர். ராதா என்று எத்தனை பேர் சொல்லியும் அப்பாயி நம்பவில்லையாம். "நம்பியாரு சுட்டுட்டு அவரு மேல போட்டுட்டான்" என்றாளாம். சாகும்வரை அதையேதான் சொன்னாள்.

நவம்பர் 21, இன்னும் கொஞ்சம்

ஒருவர் ஆயிரத்தில் ஒருவன் படத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார். விடவில்லை, அதை எழுதக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அதுவும் 1965. அதற்கு முந்தின வருஷம், 1964 ஒக்டோபர் 30, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். தோட்டச் சனத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3 லட்சம் பேரை இங்கே வைத்துக்கொள்வது, மிச்சத்தைப் பிறகு பேசுவது. 1948-லேயே பிரஜாவுரிமையைப் பிடுங்கிவிட்டார்கள், இது அதற்கு மேல். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். அந்த நேரத்தில் ஒரு படம் வருகிறது: நெய்தல் நாட்டு அதிபதி நம்பியார் ஒரு உத்தரவு போடுகிறார், சனத்தைக் கப்பலேற்றித் தீவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே ஏலம் போட்டு விற்கிறார்கள். எங்கள் தாத்தனுக்குத் தாத்தன் இராமநாதபுரத்திலிருந்து தோணியேறி வந்த கதையும் அதுதான், ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் திரும்பக் கப்பலேறப்போகிற கதையும் அதுதான். "அதோ அந்தப் பறவை போல" பாட்டுக்கு அப்பா அழுததாக அம்மா சொல்லியிருக்கிறாள். பி. ஆர். பந்துலு நம்மை நினைத்து எடுத்திருக்க மாட்டார். நாம் நம்மை நினைத்துப் பார்த்தோம்.

சித்தப்பா குடும்பம் 71-ல் போனது. ஹட்டன் ஸ்டேசனில் அந்தக் கோச்சி கிளம்பும்போது எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள்தான் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். நான் அப்பாவின் தோளில் இருந்தேன். சித்தப்பா போய்ச் சேர்ந்தது நீலகிரி. அங்கேயும் தேயிலைதான்.

நவம்பர் 22

கணக்கப்பிள்ளை பற்றி எழுதுவதா வேண்டாமா என்று ஒரு நாள் தள்ளிப்போட்டேன்.

நான் ஏழாம் எட்டாம் வகுப்பு படித்த காலம், தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போன பிறகு. எங்கள் டிவிஷன் கணக்கப்பிள்ளை ஒல்லியான ஆள். பழைய கம்பளிக் கோட்டு, கழுத்தில் மப்ளர். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் பனி இறங்கி நிற்கும். அவர் வந்து நின்றதும் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே வரிசையைப் பார்ப்பார், படத்தில் நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு பார்ப்பாரே, அதே மாதிரி. அவ்வளவுதான், பொம்பளைகள் முக்காட்டுக்குள் கிசுகிசுப்பார்கள்: "நம்பியாரு வந்துட்டாரு."

பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவர் பிந்திவந்தால் திருப்பி அனுப்புவார். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார். தராசில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார். அம்மாவுக்கு ஒரு மாதத்தில் ஐந்து அரைப்பேர் விழுந்து, அந்தச் சம்பளத்தில் எனக்குச் சப்பாத்து வாங்க முடியாமல் போனது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் சின்னக் கோபம் இல்லை.

அவருக்கு ஒரு மகள். என் தங்கச்சியோடு படித்தாள். பள்ளிக்கூடத்தில் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "நம்பியார் மகள்" தான். அவள் வகுப்புக்குள் வரும்போது பையன்கள் எல்லாரும் கையைப் பிசைவோம். எல்லாரும் என்று எழுதித் தப்பிக்கப் பார்க்கிறேன். தொடங்கிவைத்தது நான்.

கடைசி வருஷங்களில் அந்தக் கணக்கப்பிள்ளை இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டே நிற்பார். "தொரை மாதிரி நிக்கிறாரு பாரு" என்று அதற்கும் ஒரு பேச்சு இருந்தது.

நவம்பர் 23, காலை

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், நேற்று எழுதியது கனத்துவிட்டது.

பட்டப்பெயர் விஷயம். தமிழ் சினிமாவில் ஒரு வேஷமோ படமோ வசனமோ ஒட்டிக்கொண்டால் அது பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். குலதெய்வம் ராஜகோபால், என்னத்த கன்னையா, வெண்ணிற ஆடை நிர்மலா, மேஜர் சுந்தரராஜன், நிழல்கள் ரவி. எனக்குப் பிடித்தது ஜாவர் சீதாராமன். விக்டர் ஹ்யூகோ கதையை ஏழை படும் பாடு என்று எடுத்தார்கள், நாகையா நடித்தது. அதில் விடாமல் துரத்துகிற இன்ஸ்பெக்டர் ஜாவர் வேஷம் சீதாராமனுக்கு. வக்கீலுக்குப் படித்தவர், அந்த நாள் படத்துக்கு எழுதியவர், பத்திரிகையில் தொடர்கதை எழுதியவர். என்ன செய்தும் கடைசிவரை ஜாவர்தான். அந்தப் படமும் 1950! நடராஜன், நம்பியார், சீதாராமன் மூன்று பேருக்கும் ஒரே வருஷத்தில் முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

நம் காமன் கூத்திலும் இது உண்டு. மாசியில் காமன் ஊன்றி, பதினாறோ பதினெட்டோ நாள் கழித்து தகனம் வரை வேஷம் கட்டுகிறோம். ரதி கட்டிய ஆளை அடுத்த மாசிவரை ரதி என்றுதான் கூப்பிடுவோம், சிலருக்கு ஆயுசுக்கும் அதுதான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எமன் கட்டிய ஒரு மாமா இருந்தார், பிள்ளைகளிடம் அவ்வளவு அன்பு. "எமன் மாமா வீட்டுல முறுக்கு சுட்டிருக்காங்க" என்று ஓடுவோம். அதை நினைத்து எமன் மாமாவும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் நம்பியார் இந்த வரிசையில் சேர மாட்டார். மற்றவர்களுக்கு வேஷத்தின் பெயர் ஆளோடு ஒட்டியது. இவருக்கு ராஜகுரு நம்பியார் என்றோ கஜேந்திரன் நம்பியார் என்றோ பெயர் வரவே இல்லை. இவருடைய சொந்தப் பெயர் போய் வேஷத்தோடு ஒட்டிக்கொண்டது. கெட்டவன் என்றாலே நம்பியார். அப்பா அம்மா வைத்த பெயர், வீட்டில் பிள்ளைகளும் பெண்டாட்டியும் சேர்ந்து சுமக்கிற பெயர்.

நவம்பர் 23, இரவு

மாலை போட்டவர்கள் காத்திருப்பார்கள், சபரிமலை பற்றி.

98-ல் நான் கன்னிச்சாமி. ஹட்டனில் எங்கள் குருசாமி வீட்டில் பூஜை அறைக்கு வெளியே ஒரு படம் தொங்கியது. கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலை. யார் சாமி என்று கேட்டேன். "தெரியலியா? மகா குருசாமி. நம்பியார் சாமி" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. மது இல்லை, புகை இல்லை, மாமிசம் இல்லை, ஷூட்டிங் போனாலும் மனைவி சமைத்ததைத்தான் சாப்பிடுவார், அறுபது தடவைக்கும் மேல் மலையேறியவர் என்று குருசாமி சொல்லிக்கொண்டே போனார். நவாப் ராஜமாணிக்கம்தான் இந்த வழியைக் காட்டியவராம். 1950-ல் சபரிமலைக் கோயில் எரிந்து, புது விக்கிரகம் செய்து, அதைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனதில் அந்த நவாபுக்குப் பெரிய பங்கு உண்டு. பாருங்கள், திரும்பவும் 1950.

எரிமேலியில் பேட்டை துள்ளி, பம்பையில் முழுகி, நீலிமலை ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் கண்ணில் நின்றது. நான் மண் தூற்றிய முகம். அதை நினைத்து ஒரு சரணம் கூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் சொன்னேன். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. "அவ்வளவு பாவம் பண்ணுனவன் மலைக்குப் போகாம எங்க போவான்?" என்றாள். இல்ல அப்பாயி, நெசமாவே நல்ல மனுசன், அறுபது வருசமா மலைக்குப் போறாரு என்றேன். "நானுந்தான் அம்பது வருசமா மலைக்குப் போனேன். எனக்கு யாரு மால போட்டா?"

வெளியூர் ஆட்களுக்காக: நம்மிடம் மலைக்குப் போறது என்றால் கொழுந்து எடுக்கப் போவது. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் இல்லை.

நவம்பர் 24

தம்பி திரும்பக் கேட்கிறார்: "பிற்காலத்துல மாறலையா?" மாறினார். தூறல் நின்னு போச்சு, 1982, பாக்யராஜோடு. ஊர்ப் பயில்வான், நல்ல மனுஷன், கூட நின்று உதவுகிறவர். டெக் வாடகைக்கு எடுத்து லயத்தில் பார்த்தோம். கடைசிவரை இவர் எப்போது காட்டிக்கொடுக்கப்போகிறார் என்று எல்லாரும் காத்துக்கொண்டிருந்தோம். படம் முடிந்தும் ஒருத்தர் "இன்னொரு கேசட் இருக்கா?" என்றார்.

அதற்கு முன்னாலேயே நெஞ்சம் மறப்பதில்லையில் (1963) நூறு தாண்டிய கிழட்டு ஜமீந்தாராக வந்து ஸ்ரீதரிடம் என்ன நடிப்பு நடித்திருக்கிறார். அதுவும் கெட்டவன் வேஷம்தான், ஆனால் கையும் பிசையவில்லை, கண்ணும் உருட்டவில்லை. பார்க்காதவர்கள் பார்த்தே ஆகவேண்டும். அவரால் எது முடியாது என்று யாரும் சொல்லவில்லை, நாம்தான் கேட்கவில்லை.

முதல் நாள் நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு வேஷம் கொடுத்தது, எம்.ஜி.ஆர். எதிரில் நின்றார், அதெல்லாம் சரி. ஆனால் அந்த முத்திரையைச் சூடு ஆறாமல் வைத்திருந்தது கொட்டகையில் உட்கார்ந்திருந்த நாம். நமக்கு அடித்தவன் முகம் ஒன்று தேவைப்பட்டது. கங்காணியைத் திட்ட முடியாது, துரையைத் திட்ட முடியாது. நம்பியாரைத் திட்டலாம், மறுநாள் வேலை போகாது.

நவம்பர் 26, இரவு 10

தங்கச்சி இதையெல்லாம் படித்துவிட்டு, நான் கேட்காமலேயே, கணக்கப்பிள்ளையின் மகளுக்கு அனுப்பிவிட்டாள். அவர் இப்போது கண்டியில் டீச்சர். இன்றைக்குச் சாயந்தரம் போன் வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ நடந்தது, விடுங்கண்ணே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியுமாம். யாரோ தவறணையில், குடிக்கிற இடத்தில், சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நான் குளிருக்குத்தானே கையத் தேய்ச்சேன்" என்று அம்மாவிடம் கேட்டாராம். மறுநாளிலிருந்து பெரட்டுக்களத்தில் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாராம்.